மருந்து விலையை எழுதும் சட்டம்

நேயர்களுக்கு வணக்கம். முக்கூடல், ஆலங்குளம் பகுதிகளில் பீடி சுற்றிப் பிழைக்கும் பெண்கள் பலர், மருந்துக் கடையில் மாத்திரை அட்டையை முழுதாக வாங்க முடியாமல், நான்கு மாத்திரையை மட்டும் கத்தரித்து வாங்கிச் செல்கிறார்கள். அந்தத் துண்டில் மருந்தின் பெயர் பாதிதான் இருக்கும். காலாவதித் தேதி பெரும்பாலும் இராது. அதைவிடப் பெரிய கேடு, அன்றாடம் சாப்பிட வேண்டிய இரத்த அழுத்த மாத்திரையை விட்டுவிட்டுச் சாப்பிடுவது.

பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனையில் இத்தகைய மாத்திரைகள் விலையின்றிக் கிடைக்கின்றன. 1994-இல் உருவான தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் ஒப்பந்தப்புள்ளி கோரி மொத்தமாகக் கொள்முதல் செய்வதே காரணம். போட்டியிடப் பல உற்பத்தியாளர்கள் இருப்பதால்தான் விலை இறங்குகிறது. அவர்களை வளர்த்துவிட்டது 1970-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம். காப்புரிமை என்பது, கண்டுபிடித்தவர் மட்டுமே குறிப்பிட்ட காலம் அதைச் செய்து விற்கும் உரிமை. மருந்துக்கு அல்ல, அதன் செய்முறைக்கு மட்டுமே அச்சட்டம் காப்புரிமை தந்தது; அதனால் அதே மருந்தை வேறு செய்முறையில் பிறரும் செய்ய முடிந்தது. ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் விற்ற எச்.ஐ.வி. கூட்டு மருந்தை, 2001-இல் நம் நாட்டுச் சிப்லா நிறுவனம் 350 டாலருக்குத் தர முன்வந்தது அந்த வளர்ச்சியின் பயன்தான். ஆப்பிரிக்க நாடுகளில் எத்தனையோ உயிர்கள் அதனால் பிழைத்தன.

உலக வர்த்தக அமைப்பின் ஒப்பந்தத்திற்கு இணங்க, 2005-இல் மருந்துப் பொருளுக்கும் காப்புரிமை வந்தது. ஆயினும் பழைய மருந்தைச் சற்றே மாற்றிப் புதிய உரிமை கேட்பதைத் தடுக்க, அச்சட்டத்தின் 3(டி) என்னும் பிரிவை நாடாளுமன்றம் திருத்திக் கடுமையாக்கியது. இரத்தப் புற்றுநோய்க்கான கிளிவெக் மருந்து மீது சுவிட்சர்லாந்தின் நோவார்டிஸ் நிறுவனம் கேட்ட உரிமையைச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006-இல் மறுத்தது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் மறுத்தது. மாதம் ஒரு லட்சத்துக்கும் மேல் விலை சொல்லப்பட்ட அந்த மருந்து, உள்நாட்டுத் தயாரிப்பாகச் சில ஆயிரங்களுக்குள் கிடைத்தது.

இந்தக் காவலில் மக்களுக்கும் இடமுண்டு. காசநோய் மருந்தான பெடாகுயிலின் மீதான உரிமையை மேலும் நான்காண்டுகள் நீட்டிக்கும் விண்ணப்பம் 2023 மார்ச்சில் தள்ளுபடியானது. அதை எதிர்த்தவர்களில் இருவர் நந்திதா வெங்கடேசனும், தென்னாப்பிரிக்காவின் புமேசா டிசீலேயும். காசநோய்க்குப் பழைய மருந்துகளை உட்கொண்டு செவித்திறனை இழந்தவர்கள். காப்புரிமை வழங்குமுன் எவரும் ஆட்சேபிக்கலாம் என்ற விதியே அவர்களுக்கு வழி திறந்தது. 2024-இல் திருத்தப்பட்ட விதிகளோ, அந்த ஆட்சேபத்திற்குக் கட்டணம் விதித்து, அது ஏற்கத்தக்கதா என்ற முன்சோதனையையும் வைத்துள்ளன. நோயாளிகளின் வழியை அடைக்கும் இத்திருத்தத்தை அரசு திரும்பப் பெற வேண்டும். நம் நாடாளுமன்ற உறுப்பினர்கள் அதை அவையில் கேட்க வேண்டும். வணக்கம்.