லேவனம்: ஒரு கிராமத்தின் கட்டடங்கள் பார்த்த வேலைகள்

அனைவருக்கும் வணக்கம்.

இன்றைக்கு உங்களை ஒரே ஒரு ஊருக்குத்தான் கூட்டிக்கொண்டு போகப்போகிறேன். இங்கிலாந்தின் கிழக்கே, சஃபக் மாவட்டத்தில் இருக்கும் ஊர் அது. எழுத்துக்கூட்டி வாசித்தால் லாவென்ஹாம் என்று வரும். ஊர்க்காரர்கள் வாயில் அது லேவனம். இரண்டாயிரம் பேர்கூட இல்லாத கிராமம். ஆனால் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட பழைய கட்டடங்கள் மட்டும் அங்கே 300க்கும் மேல்.

சந்தைச் சதுக்கத்தின் ஒரு மூலையில், வெள்ளி நிறத்துக்கு வெளுத்துப்போன ஓக் மரச் சட்டங்களோடு ஒரு பெரிய கட்டடம் நிற்கிறது. கில்டுஹால் என்பார்கள். சுமார் 1530இல் கட்டியது. நான் போன அன்று சாரல் அடித்துக்கொண்டிருந்தது. வாசலுக்குள் ஒதுங்கி நின்றபோது, இந்த ஒரே கூரைக்குக் கீழே இதுவரை யார் யாரெல்லாம் நின்றிருப்பார்கள் என்று எண்ணிப் பார்த்தேன். நீல அங்கி போட்ட ஜவுளி வியாபாரிகள். ஊர் நிர்வாகிகள். கைதிகள். வேறு போக்கிடம் இல்லாத ஏழைகள். கம்பளி மூட்டைகள். போர்க்காலத்தில் லண்டனின் குண்டுவீச்சுக்குப் பயந்து அனுப்பிவைத்த பிள்ளைகள். இப்போது, டிக்கெட் வாங்கிக்கொண்டு வரும் நம்மைப் போன்றவர்கள். கட்டடம் அதேதான். அது பார்த்த வேலைதான் மாறிக்கொண்டே வந்திருக்கிறது.

இன்று நான் பேச வந்தது இதைத்தான். பழைய கட்டடம் என்றால் பூட்டிப் பொத்திப் பாதுகாத்ததால் நிலைத்தது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். லேவனத்தில் அப்படி நடக்கவில்லை. ஒரு வேலை போனதும் அடுத்த வேலை கிடைத்ததால்தான் அந்தக் கட்டடங்கள் உயிரோடு இருக்கின்றன.

முதலில் அந்த ஊருக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். கம்பளித் துணி. அதிலும் நீலத் துணி. லேவனம் நீலம் என்றால் ஐரோப்பியச் சந்தைகளில் அதற்குத் தனிப் பெயர். நூற்பதற்கு முன்பே கம்பளியைச் சாயத்தில் தோய்த்துவிடுவார்கள். அதனால் நிறம் இழையின் உள்வரை இறங்கியிருக்கும். சாயம் வோட் என்ற செடியின் இலையிலிருந்து வந்தது. நம் அவுரியில் இருக்கும் அதே சாயப்பொருள்தான் அதிலும் இருக்கிறது, அளவுதான் குறைவு. பிற்பாடு இந்தியாவிலிருந்து அவுரி கப்பல் கப்பலாகப் போய் இறங்கியபோது வோட் பயிர் ஐரோப்பா முழுக்க நொடித்துப் போனது. கில்டுஹாலின் பின்புறத் தோட்டத்தில் இப்போதும் சாயச் செடிகளை வளர்க்கிறார்கள். வோட் இலையைப் பார்த்தால் கீரை மாதிரி பச்சையாகத்தான் இருக்கிறது. அதற்குள் நீலம் ஒளிந்திருக்கிறது என்று நம்புவது கஷ்டம்.

1524இல் அரசு வரி வசூலித்தபோது இங்கிலாந்தின் பணக்கார ஊர்கள் வரிசையில் லேவனம் 14ஆவது இடத்தில் இருந்தது. யார்க் நகரத்தைவிட அதிக வரி கட்டியது. தாமஸ் ஸ்பிரிங் என்ற ஜவுளி வியாபாரி, பிரபுக்களை விட்டுவிட்டுப் பார்த்தால் நாட்டின் மிகப் பெரிய செல்வந்தர்களில் ஒருவர். 1523இல் அவர் இறந்தபோது ஊர்த் தேவாலயத்தின் கோபுரத்தை முடிக்க 200 பவுண்டு எழுதிவைத்துவிட்டுப் போனார். 141 அடி உயரக் கோபுரம் அது. வயல்வெளியில் தொலைவில் வரும்போதே கண்ணில் பட்டுவிடும்.

ஆனால் நெசவாளிகள் நிலை வேறு. 1524 வரிக்கு அடுத்த வருடமே, 1525இல், எட்டாம் ஹென்றியின் பிரெஞ்சுப் போருக்காக இன்னொரு வரி கேட்டார்கள். வியாபாரிகள் தங்களிடம் பணமில்லை என்று கூலியாட்களை நிறுத்திவிட்டார்கள். சுற்று வட்டாரத்திலிருந்து சுமார் 4,000 பேர் லேவனத்தில் திரண்டார்கள். தேவாலய மணி அடித்தால் கலகம் தொடங்குவது என்று ஏற்பாடு. யாரோ ஒருவர் முன்கூட்டியே மணிகளின் நாக்கைக் கழற்றி ஒளித்துவைத்துவிட்டார் என்று சொல்வார்கள். மணி ஒலிக்கவில்லை. ஆனாலும் அரசன் அந்த வரியைக் கைவிட வேண்டியதாயிற்று.

இந்தச் செழிப்பின் உச்சத்தில்தான் கார்ப்பஸ் கிறிஸ்டி கில்டு தன் மண்டபத்தைக் கட்டியது. கில்டு என்றால் வெறும் வியாபாரிகள் சங்கம் என்று நினைத்துவிடக் கூடாது. அது ஒரு பக்தி சபை. இறந்த உறுப்பினர்களின் ஆன்மாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றுவது, பூசை வைப்பது, வருடம் ஒரு முறை பெரிய விருந்து. விருந்துக்குத்தான் மண்டபம். இருபது வருடம்கூட ஆகவில்லை. 1547இல் ஆறாம் எட்வர்டின் ஆட்சி, இறந்தவர்களுக்காக வேண்டுவதே மூடநம்பிக்கை என்று சொல்லி, இப்படிப்பட்ட சபைகளையெல்லாம் கலைத்து அவற்றின் சொத்தை எடுத்துக்கொண்டது. எந்த வேலைக்காகக் கட்டினார்களோ அந்த வேலை ஒரு தலைமுறைகூட நீடிக்கவில்லை.

இங்கே கொஞ்சம் நின்று, அந்தக் கட்டடம் எப்படிக் கட்டப்பட்டது என்று பார்க்க வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. சுவர் கூரையைத் தாங்கவில்லை. பாரம் முழுவதும் மரச் சட்டத்தின் மீது. தச்சர்கள் பச்சை ஓக் மரத்தைத் தங்கள் முற்றத்திலேயே தரையில் கிடத்தி, ஒரு மரத்தில் துளையும் இன்னொன்றில் நாக்கும் செதுக்கிப் பொருத்திப் பார்ப்பார்கள். சரியாக வந்ததும் ஒவ்வொரு இணைப்பிலும் உளியால் ரோமன் எண் ஒன்றைக் கீறிவைப்பார்கள். அப்புறம் எல்லாவற்றையும் பிரித்து வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய், எண் பார்த்து மறுபடி பூட்டி, குறுக்கே மர முளை அடிப்பார்கள். சட்டங்களுக்கு நடுவே மிலாறு பின்னி, களிமண்ணும் வைக்கோலும் பிசைந்து அப்புவார்கள். மேலே சுண்ணாம்பு.

பச்சை மரம் காய்கிறபோது முறுக்கிக்கொள்ளும். லேவனத்தின் வீடுகள் இன்று ஒன்றன் மேல் ஒன்று சாய்ந்தும் வளைந்தும் நிற்பதற்குப் பெரிய காரணம் அதுதான். ஆனால் இதைவிட முக்கியமான விஷயம் வேறு. சுவர் பாரம் தாங்காததால் அதை எடுக்கலாம், நகர்த்தலாம், புதிதாக ஒன்று வைக்கலாம். விருந்து மண்டபத்தை நாலு அறையாகத் தடுக்கலாம். ஜன்னலை அடைக்கலாம். சட்டம் அப்படியே இருக்கும்.

கில்டுஹாலுக்கு நடந்தது அதுதான். சபை போனதும் அது ஊர் மன்றம் ஆனது. 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் சிறை. அடுத்த நூற்றாண்டின் கடைசியில் ஏழைகள் விடுதி. விடுதி என்ற சொல்லைக் கேட்டு ஏமாந்துவிட வேண்டாம். வேலை செய்தால்தான் சோறு என்ற இடம் அது. அதன் கூரையிலிருந்து காய்ந்து சுருண்டுபோன பூனை ஒன்றை எடுத்து அங்கேயே காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். கெட்டது வீட்டுக்குள் அண்டாமல் இருக்க அப்படிப் பூனையைக் கூரையில் வைக்கும் வழக்கம் அந்தக் காலத்தில் இருந்தது. விரிந்த வாயோடு கிடக்கும் அந்தச் சின்ன உடலைப் பார்த்துவிட்டு என்னால் சட்டென்று அடுத்த அறைக்குப் போக முடியவில்லை.

ஊர் ஏன் இப்படி இறங்கியது? நெதர்லாந்துப் பகுதியிலிருந்து மதக் கொடுமைக்குத் தப்பி வந்த நெசவாளிகள் பக்கத்தில் கோல்செஸ்டரில் குடியேறினார்கள். அவர்கள் நெய்த துணி லேசானது, விலையும் குறைவு. லேவனத்தின் கனத்த நீலத் துணியை வாங்க ஆள் இல்லாமல் போனது. அப்போது மற்ற ஊர்களில் பணக்காரர்கள் மர வீட்டை இடித்துச் செங்கல்லில் கட்டிக்கொண்டிருந்தார்கள். லேவனத்தில் இடிக்கவும் காசில்லை, கட்டவும் காசில்லை. இருந்ததை ஒட்டுப்போட்டுக் குடியிருந்தார்கள். நாம் இன்று ரசிக்கும் அழகு அந்த வறுமை விட்டுவைத்தது. இதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கிறது. ஒழுகும் கூரைக்குக் கீழே குடும்பம் நடத்தியவர்கள் அதை அழகு என்று சொல்லியிருக்க மாட்டார்கள்.

சதுக்கத்தில் லிட்டில் ஹால் என்று ஒரு வீடு. 1390களில் ஒரு ஜவுளிக் குடும்பம் கட்டியது. பிறகு அதைத் தடுத்துத் தடுத்து ஆறு குடித்தனங்கள் ஆக்கிவிட்டார்கள். 1920களில் கேயர் ஆண்டர்சன் என்ற இரட்டைச் சகோதரர்கள் அதை வாங்கித் தடுப்புகளை நீக்கிப் பழையபடி கொண்டுவந்தார்கள். அவர்களில் ஒருவர் எகிப்தில் பணியாற்றியவர். இன்று பிரிட்டிஷ் மியூசியத்தில் மூக்கிலும் காதிலும் தங்க வளையத்தோடு நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறதே வெண்கல எகிப்தியப் பூனை, அது அவர் கொடுத்தது. அந்த வீடும் போர்க்காலப் பிள்ளைகளுக்குத் தங்குமிடமாக இருந்து, பிறகு ஓவிய மாணவர்களின் விடுதியாக இருந்து, இப்போது மியூசியம்.

19ஆம் நூற்றாண்டில் தறிகள் வேறு வேலைக்குத் திரும்பின. லேவனத்தில் குதிரை முடியில் துணி நெய்தார்கள், நாற்காலி மெத்தைக்காக. இந்த வட்டாரத்தின் லாங் மெல்ஃபர்டு போன்ற ஊர்களில் தேங்காய் நாரில் பாய் நெய்தார்கள். சஃபக்கில் ஏது தென்னை? நார் நம் பக்கத்துக் கடற்கரைகளிலிருந்துதான் போனது. 1865இல் ரயில் வந்தது, சரியாக நூறு வருடத்தில் போய்விட்டது. அந்தத் தடம் இப்போது நடைபாதை.

இப்போது நான் சொல்லவந்த முக்கியமான சம்பவம். கம்பளி மண்டபம் என்று இன்னொரு கட்டடம் உண்டு, 15ஆம் நூற்றாண்டினது. அதுவும் முதலில் மாதா பெயரில் இயங்கிய ஒரு சபையின் மண்டபம். பிறகு கம்பளிக் கூடம். 1911 வாக்கில் அதை ஒருவர் விலைக்கு வாங்கிப் பிரிக்கத் தொடங்கினார். விக்டோரியா மகாராணியின் மகள் இளவரசி லூயிஸுக்காக, அஸ்காட் என்ற ஊரில் கொண்டுபோய் நிறுத்துவதற்கு. ஒவ்வொரு உத்திரமாகக் கழற்றி ஏற்றினார்கள். தச்சர்கள் பிரித்துப் பூட்டும்படி கட்டியது இங்கே எவ்வளவு ஆபத்தாகப் போயிற்று பாருங்கள்.

ஊர் கொந்தளித்தது. பழங்கட்டடப் பாதுகாப்பில் அக்கறை உள்ளவர்களும் சேர்ந்துகொண்டார்கள். கடைசியில் மரங்கள் லேவனத்துக்கே திரும்பி வந்தன. பழைய இடத்திலேயே மண்டபத்தை மறுபடி பூட்டி நிறுத்தினார்கள். பிரிக்க உதவிய அதே முறை திரும்பக் கட்டவும் உதவியது. செங்கல் கட்டடமாக இருந்தால் அன்றோடு கதை முடிந்திருக்கும்.

சரி, திரும்பி வந்த மண்டபத்தை என்ன செய்வது? ரயில்வேயில் வேலை பார்த்த பெண்கள் உடம்பு தேறும்வரை தங்கும் இல்லமாக அதை ஆக்கினார்கள். நோய்ப்பட்டு எழுந்த ஒரு தொழிலாளிப் பெண், ஐந்நூறு வருடத்து ஓக் உத்திரத்துக்குக் கீழே போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும் காட்சியை நினைத்துப் பாருங்கள். அந்த மண்டபம் பார்த்த வேலைகளிலேயே எனக்கு அதுதான் உயர்ந்ததாகப் படுகிறது. 1960களில் அது பக்கத்து ஸ்வான் ஹோட்டலோடு சேர்ந்துவிட்டது. இப்போது அறை எடுத்துத் தங்கலாம்.

எனக்கு ஒரு கவலை உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. இப்போது அந்த ஊரின் கட்டடங்களுக்குக் கிடைத்திருக்கும் வேலை பெரும்பாலும் ஒன்றே ஒன்றுதான்: பார்க்க வருகிறவர்களை மகிழ்விப்பது. மியூசியம், ஹோட்டல், டீக்கடை, விடுமுறை வீடு. கில்டுஹால் 1951இல், பழங்கட்டடங்களைப் பராமரிக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அமைப்பிடம் வந்தது. அவர்கள் அதை அருமையாகப் பார்த்துக்கொள்கிறார்கள், அதில் குறையில்லை. ஆனால் ஏழைகள் விடுதியாகவும் பிள்ளைகள் பள்ளியாகவும் இருந்தபோது அந்தக் கட்டடம் ஊருக்குத் தேவைப்பட்டது. ஊருக்குத் தேவைப்படுகிற ஒரு வேலையையாவது அது கையில் வைத்திருக்க வேண்டும் என்பது என் ஆசை.

ஸ்வான் ஹோட்டலில் பழைய மதுக்கூடம் ஒன்று இருக்கிறது. 1944இல் ஊருக்கு வெளியே அமெரிக்க விமானத் தளம் அமைந்தபோது குண்டுவீச்சு விமானங்களின் பையன்கள் மாலை நேரத்தில் அங்கே வந்து உட்காருவார்கள். அந்தத் தளத்திலிருந்து 1944 டிசம்பர் 24 அன்று புறப்பட்டவர் பிரெட்ரிக் காசில் என்ற தளபதி. விமானம் தீப்பிடித்தபோது, கீழே தங்கள் படைவீரர்கள் இருந்ததால் குண்டுகளை உதிர்க்க மறுத்து, மற்றவர்கள் குதிப்பதற்காகக் கடைசிவரை விமானத்தைப் பிடித்துக்கொண்டிருந்து உயிர்விட்டார். அந்தப் பையன்கள் மதுக்கூடச் சுவரில் தங்கள் பெயர்களைக் கையெழுத்தாகப் போட்டுவைத்தார்கள். பிற்பாடு வந்த யாரும் அதன் மேல் வெள்ளையடிக்கவில்லை. இன்றும் இருக்கின்றன. தச்சர்கள் உளியால் கீறிய எண்களைத் தேடி உத்திரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த நான், தலையைத் தாழ்த்தியபோது கண்ணுக்கு நேரே அந்தப் பெயர்கள் இருந்தன. சில எழுத்துகள் மங்கிவிட்டன. அவற்றை ஒவ்வொன்றாகப் படித்துவிட்டுத்தான் வெளியே வந்தேன்.

நன்றி, வணக்கம்.