1080பி கேமிங்குக்கு 3060 12ஜிபியா, 4060 8ஜிபியா? முதல்ல உங்க மதர்போர்ட பாருங்க

வணக்கம் மக்களே. 1080பி மானிட்டர் வச்சிருக்கவங்க கிராஃபிக்ஸ் கார்டு வாங்கணும்னு தேட ஆரம்பிச்சா கடைசில வந்து நிக்கற இடம் இதுதான், ஆர்டிஎக்ஸ் 3060 12ஜிபியா இல்ல ஆர்டிஎக்ஸ் 4060 8ஜிபியா. புதுசுல மெமரி கம்மி, பழசுல மெமரி ஜாஸ்தி, அப்ப எத எடுக்கறது?

வேகம் மட்டும் போதும்னா 4060தான். 3060 வந்தது 2021 பிப்ரவரி, 4060 வந்தது 2023 ஜூன், 1080பில பெரும்பாலான கேம்ல புதுசு ஒரு 15லருந்து 20 சதவீதம் முன்னாடி ஓடும், அதுவும் 115 வாட்லயே, 3060க்கு 170 வாட் வேணும். ஃபேன் சத்தம், ரூம் சூடு, பழைய பவர் சப்ளை இதெல்லாம் யோசிச்சா அந்த 55 வாட் சின்ன விஷயம் இல்ல. ஆனா சராசரி எஃப்பிஎஸ்ல, அதாவது செகண்டுக்கு எத்தன ஃப்ரேம் வருதுங்கற கணக்குல, தெரியாத ஒண்ணு இருக்கு.

(திரையில்: ஃப்ரேம் டைம் கிராஃப்)

இந்தக் கோட்ட பாருங்க. 60 எஃப்பிஎஸ்னா ஒவ்வொரு ஃப்ரேமும் 16.7 மில்லிசெகண்ட்ல வரணும். கோடு சமமா போயிட்டே இருக்கு, கேரக்டர் தெருமுனைல திரும்புறான், அங்க டக்குனு முள்ளு மாதிரி மேல குத்துது பாத்தீங்களா, கை மவுஸ நகத்திடுச்சு, படம் நகரல, அப்புறம் ஒரே தாவா தாவுது. சில கேம்ல இப்படிக் குத்தாது, அதுக்குப் பதிலா பக்கத்துல இருக்கற சுவரு களிமண்ணு பூசின மாதிரி மொழுமொழுன்னு நிக்கும், கொஞ்ச நேரம் கழிச்சுதான் செங்கல்லே தெரியும். இந்த ரெண்டுமே பெரும்பாலும் விரேம், அதாவது கார்டோட சொந்த மெமரி, நெறஞ்சு போனதுக்கு அடையாளம்.

நெறஞ்சா, கார்டுக்குள்ள எடம் பத்தாத டெக்ஸ்சர் (சுவரு, தரை மேல ஒட்டற படம்) எல்லாம் கம்ப்யூட்டர் ரேம்ல போய் உக்காந்துக்கும், வேணும்ங்கறப்ப மதர்போர்டு ஸ்லாட் வழியா வரணும். 4060ஓட சொந்த மெமரி செகண்டுக்கு 272 ஜிபி தள்ளும். ஸ்லாட் வழியா வந்தா? அது எட்டு லேன் கார்டு, அதாவது ஸ்லாட்ல டேட்டா போக எட்டு பாதைதான், பிசிஐஇ 4.0 (அந்த ஸ்லாட்டோட தலைமுறை) போர்டுல கிட்டத்தட்ட 16 ஜிபி, 3.0 போர்டுல வெறும் 8 ஜிபி. பைபாஸ்ல போயிட்டிருந்த லாரிய முட்டுச்சந்துல திருப்பின மாதிரிதான். 3060 பதினாறு லேன், பழைய 3.0 போர்டுலயும் அதுக்கு 16 ஜிபி கெடைக்கும், அதுவும் போக 12ஜிபி இருக்கறதால 1080பில மெமரி நெறையறதே அபூர்வம்.

அதனாலதான் சொல்றேன், போர்டயும் ப்ராசசரயும் முதல்ல பாருங்க. பி450, இன்டெல் 10வது ஜெனரேஷன் எல்லாம் 3.0தான். நெறைய பேர் ஏமாறற எடம் ஒண்ணு இருக்கு, போர்டு பி550ஆவே இருந்தாலும் உள்ள ரைசன் 5 5500ஓ 5600ஜியோ இருந்தா கார்டு 3.0லதான் ஓடும், ஏன்னா அந்த ப்ராசசர்லயே 4.0 கெடையாது. கார்ட மாட்டினதுக்கப்புறம் ஜிபியு-இசட்ங்கற கார்டு விவரம் காட்டற சாஃப்ட்வேர்ல செக் பண்றப்ப பிசிஐஇ 1.1னு காட்டினா பயப்படாதீங்க, வேலை இல்லாதப்ப கார்டே கொறச்சுக்கும், பக்கத்துல இருக்கற கேள்விக்குறிய அமுக்கி டெஸ்ட ஓட விடுங்க, உண்மையான நம்பர் வந்துரும்.

டிஎல்எஸ்எஸ் அப்ஸ்கேலிங் ரெண்டுலயும் இருக்கு. 1080பில குவாலிட்டி மோடு போட்டா உள்ள 1280 x 720ல வரைஞ்சு பெருசாக்குது, தூரத்து கம்பி வேலி லேசா நெளியறது தெரியும், அதனால தேவைப்பட்டா மட்டும் போடுங்க. டிஎல்எஸ்எஸ்ஸோட ஃப்ரேம் ஜெனரேஷன் (நடுவுல ஃப்ரேம அதுவே உருவாக்கிச் சேக்கறது) 4060ல மட்டும்தான், நல்லாவும் இருக்கு, ஆனா அதுவே விரேம் கொஞ்சம் எடுத்துக்கும், ஏற்கனவே 8ஜிபி நெறஞ்சு திணறுற கேம்ல அத போட்டா இன்னும் திணறும்.

என் முடிவு இதுதான். 4.0 போர்டு, 4.0 ப்ராசசர் ரெண்டும் இருந்தா 4060 எடுங்க, கனமான கேம்ல டெக்ஸ்சர அல்ட்ராலருந்து ஹைக்கு ஒரு படி எறக்கிக்கங்க, 1080பில அந்த வித்தியாசத்த உத்துப் பாத்தாத்தான் கண்டுபிடிக்க முடியும். 3.0 போர்டுல பெரிய ஓப்பன் வேர்ல்டு கேமா ஆடறவங்க, டெக்ஸ்சர கொறைக்க மனசு வராதவங்க, 3060 எடுங்க. ஷூட்டர் மட்டும் ஆடறவங்களுக்கு 8ஜிபியே போதும், போர்டு எதுவா இருந்தாலும் 4060தான்.

3060 எடுக்கறவங்க ஒண்ணு கவனிங்க, அதே பேர்ல 8ஜிபி மாடலும் இருக்கு. அதுல மெமரி மட்டும் கொறையல, பஸ்ஸும், அதாவது மெமரிக்குப் போற பாதையோட அகலமும், 192 பிட்லருந்து 128 பிட்டா எறங்கி, மெமரி வேகம் செகண்டுக்கு 360 ஜிபிலருந்து 240க்கு வந்துருச்சு. பாக்ஸ் மேல 12ஜிபின்னு போட்டிருக்கான்னு படிச்சுப் பாத்துட்டு அப்புறம் காசு குடுங்க.