படத்தில் இல்லாத தமனி

நேயர்களுக்கு வணக்கம். சென்னையில் மருத்துவ மாணவர்களுக்கு உடற்கூறியல் சொல்லிக் கொடுக்கிறேன். தானமாக வந்த உடலில், கொழுப்பை ஃபோர்செப்ஸால் மெல்ல விலக்கிக்கொண்டே வரும் மாணவர் திடீரென்று, "மேடம், புக்கில இருக்கிற மாதிரி இல்லையே!" என்று கூப்பிடுவார். எனக்கு மிகவும் பிடித்த கேள்வி அது.

புத்தகப் படம் இதுதான். உதரவிதானத்தைத் தாண்டியதும் மகாதமனியின் முன்பக்கத்தில் சீலியாக் என்ற குட்டைத் தமனி கிளம்பும். நீளம் ஒன்றிரண்டு சென்டிமீட்டர்தான். அது மூன்றாகப் பிரிந்து இரைப்பைக்கும் கல்லீரலுக்கும் மண்ணீரலுக்கும் போகும். சற்றுக் கீழே குடலுக்கான தமனி தனியாகப் புறப்படும்.

எல்லோருக்கும் இப்படி இருப்பதில்லை. அமெரிக்க உடற்கூறியல் ஆய்வாளர் மைக்கேல்ஸ் 200 உடல்களை ஆராய்ந்து, கல்லீரல் தமனியின் அமைப்பை 1966இல் 10 வகைகளாகப் பிரித்தார். அவர் பார்த்தவர்களில் புத்தகத்தில் உள்ளபடி இருந்தவர்கள் பாதிக்குச் சற்று மேல், அவ்வளவுதான். சிலருக்குக் கல்லீரலின் வலது பக்கத் தமனி குடல் தமனியிலிருந்து பிறந்து, கணையத்தின் பின்னால் ஏறி வரும். சிலருக்கு இடது பக்கத் தமனி இடது இரைப்பைத் தமனியிலிருந்து கிளம்பும்.

காரணம் கருவிலேயே இருக்கிறது. அங்கே மகாதமனியிலிருந்து பல சின்னக் குழாய்கள் கிளம்பி, ஒன்றோடொன்று இணைந்திருக்கும். வளர வளரப் பெரும்பாலானவை மறைந்துவிடும். எது தங்குகிறது, எது மறைகிறது என்பதைப் பொறுத்து ஆளுக்கு ஆள் அமைப்பு மாறுகிறது. இது நோயே இல்லை. ரத்தம் போக வேண்டிய இடத்துக்குப் போய்விடும், வாழ்நாள் முழுக்க ஒரு தொந்தரவும் தெரியாது.

சிக்கல் ஆபரேஷன் மேஜையில்தான். இரைப்பைப் புற்றுநோய்க்கு இடது இரைப்பைத் தமனியை அடியிலேயே கட்டுவது வழக்கம். கல்லீரலின் இடது பாதி அதையே நம்பியிருந்தால் என்ன ஆகும்? கணைய ஆபரேஷனிலும் இதே பயம் உண்டு. அதனால்தான் முன்கூட்டியே மருந்து செலுத்தி சிடி ஸ்கேன் எடுத்துத் தமனிகளைப் பார்க்கிறார்கள். அப்புறமும் கணைய ஆபரேஷனில், வெட்ட வேண்டிய கிளையை முதலில் அழுத்திப் பிடித்து, கல்லீரல் தமனியில் துடிப்பு இருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்ப்பார்கள். துடிப்பு குறைந்தால் வெட்ட மாட்டார்கள்.

உங்கள் ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'தமனி அமைப்பில் மாறுபாடு' என்று ஒரு வரி இருந்தால் பதற வேண்டாம். ஆனால் அந்த ரிப்போர்ட்டையும் ஸ்கேன் படங்கள் உள்ள டிஸ்க்கையும் பத்திரமாக வைத்திருங்கள். என்றாவது வயிற்றில் ஆபரேஷன் என்று சொன்னால், கத்தி எடுக்கப்போகும் டாக்டரிடம் முதலில் அதைக் காட்டுங்கள். நன்றி, வணக்கம்.