அரைக் கட்டை இறக்கம்

நேயர்களுக்கு வணக்கம். பாலக்காட்டுச் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துத் திருவிழா மேடைகளில் தமிழ்ப் பாட்டும் மலையாளப் பாட்டும் மாறி மாறி வரும். ஒரு பாட்டு முடிந்ததும் பாடகி திரும்பி, "அண்ணா, அடுத்ததை அரைக் கட்டை இறக்கிக்கொள்ளுங்கள்" என்பார். அதாவது, சுருதியை ஒரு சுரத்தானம் கீழே கொண்டுபோக வேண்டும்; கீபோர்டில் அடுத்தடுத்த இரண்டு கட்டைகளுக்கு இடையே உள்ள தூரம்தான் ஒரு சுரத்தானம். கீபோர்டுக்காரர் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். கிட்டார் வாசிக்கும் நானோ ஆறு தந்திகளையும் தளர்த்திச் சுருதி சேர்க்க வேண்டும். கிட்டாரின் கழுத்தில் தந்திகளை அழுத்திப் பிடிக்கும் கேப்போ என்ற கவ்வியை மாட்டினால் சுருதி ஏறுமே தவிர இறங்காது. மடிக்கணினியில் ஓடும் சுருதி மாற்றும் மென்பொருள் அந்தத் தவிப்பைத் தீர்த்தது.

ஒலிநாடா காலத்தில் சுருதியை இறக்கினால் தாளமும் கூடவே மெதுவாகிவிடும். ஒலியைச் சிறு துண்டுகளாக நறுக்கி ஒட்டி, இரண்டையும் பிரித்துக் காட்டியது 1970களின் நடுவில் வந்த ஈவன்டைடு ஹார்மனைசர் என்ற கருவி. 1989இல் வந்த டிஜிடெக் வாமி அந்த வித்தையைக் கிட்டார்க்காரரின் காலடியில் மிதிகட்டையாக வைத்தது.

ஒன்று கவனியுங்கள். கிட்டாரின் மிகத் தடித்த ஆறாம் தந்தி நொடிக்கு ஏறத்தாழ 82 முறை அதிர்கிறது. ஓர் அதிர்வுக்கே 12 மில்லி நொடி ஆகிறது. எந்தச் சுரம் என்று அறிய மென்பொருள் இரண்டு அதிர்வாவது கேட்டாக வேண்டும். அதனால் தடித்த தந்திகளில் தாமதம் விரலுக்கே தெரியும். ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷனைச் சுருதி மாற்றும் மென்பொருளுக்குப் பின்னால் வையுங்கள். முன்னால் வைத்தால் கலங்கிய ஒலியில் மென்பொருள் தடுமாறும்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி, வாசிக்கும் சுரத்தோடு இன்னொரு சுரத்தைத் துணைக்கு வைப்பது. சங்கராபரணத்தில் ஷட்ஜத்துக்கு நான்கு சுரத்தானம் மேலே அந்தர காந்தாரம், இனிமையாகச் சேரும். அதே நான்கை ரிஷபத்துக்கு மேலே வைத்தால் பிரதி மத்யமம் வந்து நிற்கும். அது அந்த ராகத்திலேயே இல்லாத சுரம்! அங்கே மூன்றுதான் வேண்டும். எல்லாச் சுரத்துக்கும் ஒரே இடைவெளி என்று பூட்டிவைத்தவர்கள் இங்கேதான் வழுக்குகிறார்கள்.

ராகத்தின் சுரங்களை முன்கூட்டியே சொல்லிவைக்கும் மென்பொருள்களும் உண்டு. நேராக நிற்கும் சுரங்களுக்கு அவை நன்றாகவே உழைக்கின்றன. தந்தியை இழுத்துச் சுரத்தை அசைக்கும் கமகம் கொடுத்தால் மட்டும் துணைச்சுரம் வழுக்கிப் போகாமல் படியேறுவதுபோல் தாவுகிறது. அத்தகைய பாட்டுகளில் துணைச்சுர வரிசையை நானே தனியாக வாசித்துப் பதிவு செய்கிறேன். ஒரு மாலைப்பொழுது முழுவதும் ஆகிறது.