விற்பனை விழுந்தா பிராண்ட மாத்தணுமா?

வணக்கம் மக்களே. வெளிய மழை புடிச்சிருச்சு. தகரத்துல விழுற சத்தம் மைக்ல கேக்கும், கொஞ்சம் பொறுத்துக்கோங்க.

இன்னைக்கு விசயம் என்னன்னா, "அந்தக் கொம்பெனி லெப்டொப் இப்ப முன்ன மாதிரி விக்கிறதில்லையாமே, இனி அத நம்பி வாங்கலாமா?"ன்னு ஒரு கேள்வி ஓடுதுல்ல, அதுதான். இலங்கை மலையகத்துல ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கம் ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) முடிச்ச பிள்ளைக்கு மெஷின் தேடுற வீடுகள்ல இது பெரிய பயம். ஒருதடவ சல்லி போட்டா அஞ்சாறு வருசம் ஓட்டியாகணுமே. என்னோட பதில் இப்பவே சொல்லிர்றேன். விற்பனைக் கணக்குக்குப் பயந்து பிராண்ட விடாதீங்க. அதேமாதிரி மூடியில இருக்கிற பேருக்காகவும் ஒட்டிக்கிட்டு இருக்காதீங்க. பார்க்க வேண்டியது மெஷினோட அடியில ஸ்டிக்கர்ல இருக்கிற மொடல் நம்பர்.

அந்தக் கணக்க ஒருக்கா பார்த்துருவோம். சந்தைய ஆராயுற ஐ.டி.சி. நிறுவனத்தோட கணக்குப்படி 2021ல உலகம் முழுக்க போன கொம்பியூட்டர் கிட்டத்தட்ட 35 கோடி. 2022ல 29 கோடி, 2023ல 26 கோடி. பார்த்தா பெரிய சரிவுதான். ஆனா 2021ங்கிறது கொரோனா நேரம். பள்ளிக்கூடம், ஒபீஸ் எல்லாம் வீட்டுக்குள்ள வந்ததால, மூணு நாலு வருசத்துல வாங்க வேண்டியத ஒரே மூச்சுல வாங்கிட்டாங்க. வாங்கினவங்க அடுத்த வருசமே திரும்ப வாங்குவாங்களா? இன்னொண்ணு, இது கொம்பெனிகிட்ட இருந்து கடைகளுக்கும் வாங்குறவங்களுக்கும் போன எண்ணிக்கை. கடையில ஸ்டொக் குவிஞ்சு கிடந்தா, நாம வாங்கிக்கிட்டுதான் இருப்போம், கணக்கு மட்டும் விழுந்துரும்.

2023 முதல் மூணு மாசத்துல ஆப்பிள் கணக்கு 40.5 சதவீதம் விழுந்துச்சு. டெல் 31, லெனோவோ 30, எச்பி 24. மொத்தச் சந்தையே 29 சதவீதம் கீழ. அந்த மூணு மாசத்துல மெக்புக் எதுவும் கெட்டுப் போகல. எல்லாரும் சேர்ந்து இறங்குற படிக்கட்டுல ஒருத்தன் ரெண்டு படி கூட இறங்கினான், அவ்வளவுதான்.

நம்ம ஊருல நடந்தது வேற கதை. 2022ல டொலர் 200 ரூபாயில இருந்து 360 ரூபா வரைக்கும் ஏறிச்சு. கொம்பெனி விலைய ஒரு சதம் கூட்டாட்டியும் அதே மெஷின் இங்க முக்கால் மடங்கு கூடிப் போச்சு. அப்ப விக்காததுக்கும் பிராண்டோட தரத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல.

சரி, நிறைய வித்தா அந்தக் கொம்பெனி நிலைச்சு நிக்குமா? அதுவும் உறுதியில்ல. 2011 ஒகஸ்ட்ல எச்பிதான் உலகத்துலயே அதிகமா கொம்பியூட்டர் விக்கிற கொம்பெனி. அந்த மாசமே, கொம்பியூட்டர் பிரிவ தனியா பிரிச்சு விட்ரலாமான்னு யோசிக்கிறோம்னு அறிவிச்சாங்க. ஒக்டோபர்ல, இல்ல வச்சுக்கிறோம்னு மாத்திக்கிட்டாங்க. முதலிடத்துல இருக்கிறவன் நிலையே இது.

மறுபக்கம், பேரு போனா மெஷின் செத்துருமா? ஐபிஎம் 2005ல கொம்பியூட்டர் பிரிவ லெனோவோவுக்கு வித்துச்சு. அவங்களோட திங்க்பேட் லெப்டொப் வரிசை இன்னைக்கும் வருது. தொஷிபா 2018ல 80.1 சதவீதப் பங்க ஷார்ப்புக்குக் குடுத்துச்சு, மிச்சத்தையும் 2020ல குடுத்து முழுசா வெளியேறிருச்சு. அந்த வரிசை இப்ப டைனபுக்ங்கிற பேருல ஓடுது. கொம்பெக் பேரு 2002ல எச்பிக்குள்ள போச்சு. வாங்கின கொம்பெனி வரிசைய நடத்துதா, மூடுதாங்கிறதுதான் கவனிக்க வேண்டியது.

இனி நமக்கு வேலையான இடம். விற்பனை எப்ப நம்மளத் தொடும்? பாட்ஸ் (உதிரிப்பாகம்) கிடைக்கிற இடத்துல தொடும். ஆனா அது இந்த வருச விற்பனையில இல்ல, அந்த மொடல் மொத்தத்துல எத்தன போச்சுங்கிறதுல இருக்கு.

உதாரணத்துக்கு திங்க்பேட் டி480. கழட்டி மாத்துற பெட்டரிக்கு '61'னு நம்பர், கொள்ளளவு 24 வோட்அவர். '61+'னா 48, '61++'னா 72. அதே பெட்டரி டி470, டி570, டி580க்கும் பொருந்தும். இத்தன மொடலுக்கு ஒரே பெட்டரின்னா அத செய்றவங்க சீக்கிரம் நிறுத்த மாட்டாங்க. எச்பி எலைட்புக் 840 ஜி5க்கு எஸ்எஸ்03எக்ஸ்எல் பெட்டரி, அதுவே ஜி6க்கும் போகும். டெல் லெட்டிடியூட் 7480, 7490 ரெண்டுக்கும் எஃப்3வைஜிடி, 60 வோட்அவர். இதெல்லாம் ஒபீஸ்களுக்கு ஆயிரக்கணக்கில போன மொடல். அதே கொம்பெனியோட, ஒரு சீசனுக்குன்னு வந்து போன மலிவு மொடல எடுத்தீங்கன்னா கீபோர்ட் ஒண்ணுக்கு கொழும்பு பம்பலப்பிட்டியில கொம்பியூட்டர் கடைகள் இருக்கிற யூனிட்டி பிளாஸா முழுக்க ஏறி இறங்கணும். ஒரே பேரு, ரெண்டு வேற தலையெழுத்து.

அந்த மலிவு மொடல்கள்ல இன்னொரு வில்லங்கம் ஹிஞ்ச், அதாவது மூடியோட கீல். பிளாஸ்டிக்ல பதிச்ச சின்னப் பித்தளை மரையில ஸ்குரூ ஏறும். ஹிஞ்ச் இறுகிப் போனா, மூடிய ஒரு மூலையில புடிச்சுத் திறக்கிறப்ப மரை பிளாஸ்டிக்கோட பிஞ்சு வந்துரும். எப்பவும் நடுவுல புடிச்சுத் திறங்க.

மொடல் பேருல ஒரு எழுத்து மாறினாலும் உள்ளுக்க வேற. டி480ல ரெம் (மெமரி) போட ரெண்டு ஸ்லொட். டி480எஸ்ல ஒரு பங்கு மதர்போர்ட்லயே ஒட்டியிருக்கும், ஒரு ஸ்லொட்தான். எக்ஸ்280ல முழுசும் ஒட்டு. 4 ஜிபியோட வாங்கினா சாகிற வரைக்கும் 4 ஜிபிதான். கடைக்காரர் "ஒரே ஜாதிதான் தம்பி"ம்பாரு. தலைய ஆட்டிட்டு ஸ்டிக்கரப் பாருங்க.

பழைய மெஷின் வாங்கப் போறவங்க இதக் கட்டாயம் கேளுங்க. விண்டோஸ் 10க்கு 2025 ஒக்டோபர் 14ஓட சப்போர்ட் முடிஞ்சிருச்சு. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0ங்கிற பாதுகாப்பு வசதி வேணும், இன்டெல்னா பொதுவா 8ஆம் தலைமுறையில இருந்துதான். ப்ராஸஸர் நம்பர்ல கோட்டுக்கு அடுத்த இலக்கம் பாருங்க, 10ஆம் தலைமுறையில இருந்து முதல் ரெண்டு இலக்கம். ஐ5-8350யூன்னா எட்டு, சரி. ஐ5-7300யூன்னா ஏழு, இல்ல. 840 ஜி5, 7490 மாதிரி மொடல்கள்ல ஏழாம் தலைமுறை போட்டு வந்ததும் இருக்கு, அதனால மொடல் பேரு மட்டும் பத்தாது. "அதெல்லாம் 11 போட்டுத் தர்றோம்"னு சொன்னா, போட முடியும்தான். ஆனா பொருந்தாத மெஷினுக்கு அப்டேட் வரும்னு மைக்ரோசொஃப்ட் உறுதி தரல. விலையக் குறைக்க இந்த ஒரு வார்த்தை போதும்.

கடையிலயே பார்க்க வேண்டியது. ஓன் பண்ணின உடனே டெல்லுக்கு எஃப்2, எச்பிக்கு எஃப்10, லெனோவோ திங்க்பேட்டுக்கு எஃப்1 தட்டி பயோஸுக்குள்ள (மெஷினோட அடிப்படை செட்டிங்) போங்க. பாஸ்வேர்ட் கேட்டா அங்கயே வச்சுட்டு வந்துருங்க. திருட்டுப் போன மெஷினத் தேடுற எப்சொலூட் அல்லது கொம்பியூட்ரேஸ்ங்கிற இடத்துல 'எக்டிவேட்டட்'னு இருந்தாலும் அதேதான். பிறகு வைஃபை குடுத்து விண்டோஸ ரீசெட் பண்ணச் சொல்லுங்க. தொடக்கத்துல ஏதாவது வெளிநாட்டுக் கொம்பெனி பேரப் போட்டு லொகின் கேட்டுச்சுன்னா, அந்த மெஷின் இன்னும் அவங்க கணக்குல இருக்குன்னு அர்த்தம். இண்டர்நெட் இல்லாம காட்டினா இது தெரியாது, அதனால வைஃபை கட்டாயம்.

அடுத்தது பெட்டரி. கமாண்ட் ப்ரொம்ப்ட்ல 'பவர்சிஎஃப்ஜி', ஒரு இடைவெளி, சாய்கோடு, அதோட ஒட்டி 'பெட்டரிரிப்போர்ட்'னு ஆங்கிலத்துல (powercfg /batteryreport) அடிச்சா ஒரு ஃபைல் வரும். டிசைன் கெப்பாசிட்டி 50,000, ஃபுல் சார்ஜ் 28,000ன்னு இருந்தா பெட்டரியில 56 சதவீதம்தான் மிச்சம். புது பெட்டரி விலையக் கழிச்சுப் பேசுங்க. எஸ்எஸ்டிக்கு கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோங்கிற மென்பொருள் போட்டு ஹெல்த் பார்த்துக்கோங்க, அது ரெண்டு நிமிச வேலை.

சார்ஜர்ல டெல்லுக்கு ஒரு தனிக் குணம். குண்டு முனையோட நடுவுல இருக்கிற மெல்லிசு பின், கரண்டுக்கு இல்ல, அடப்டர் எத்தன வோட்னு மெஷினுக்குச் சொல்றதுக்கு. வயர் முனையில மடிஞ்சு அந்தக் கம்பி அறுந்தா, அடப்டர் வகை தெரியலன்னு ஸ்கிரீன்ல வரும், பெட்டரி ஏறாது, மெஷினும் ஆமை வேகத்துல போகும். மதர்போர்ட் போச்சுன்னு யாராவது சொன்னா, முதல்ல வேற ஒரிஜினல் சார்ஜர் ஒண்ணு போட்டுப் பாருங்க. டி480 மாதிரி அந்தக் காலத்துத் திங்க்பேட்கள்ல வேற சிக்கல். தண்டர்போல்ட் சிப்போட ஃபேர்ம்வெயார்ல (உள்ளுக்க இருக்கிற மென்பொருள்) இருக்கிற பிழையால யூஎஸ்பி-சி வழியா சார்ஜ் ஏறுறதே நின்னு போகும். லெனோவோ அதுக்கு அப்டேட் குடுத்திருக்கு. வாங்கின அன்னைக்கே போட்டுருங்க. பிழை முத்தினப்புறம் சிப்ப வெளிய இருந்து எழுத வேண்டி வரும், அத செய்ற ஆள் மலையில லேசுல கிடைக்காது.

புதுசா வாங்கினாலும் வாரன்டி யாரோடதுன்னு கேளுங்க. கொம்பெனியோட இலங்கை ஏஜென்டா, கடையோட சொந்த வாரன்டியா? சேர்விஸ் சென்டர் கண்டியிலயா, கொழும்புலயா? பெட்டரிக்கு எத்தன மாசம்? சில கொம்பெனி மெஷினுக்கு மூணு வருசம், பெட்டரிக்கு ஒரு வருசம்தான் குடுக்கும். சீரியல் நம்பர் பில்லுல இருக்கணும், அத கொம்பெனி தளத்துல போட்டு நாடும் தேதியும் பாருங்க. உலகத்துல முதலிடம் புடிச்ச பிராண்டா இருந்தாலும், இங்க ஏஜென்ட் சரியில்லன்னா மஸ்கெலியாவுல இருந்து கொழும்புக்கு பஸ் ஏறப்போறது நீங்கதான்.

நம்ம காலநிலைக்கு ரெண்டு வார்த்தை. நுவரெலியா 1,868 மீட்டர் உயரம். குளிர்ல நனைஞ்ச பேக்ல வந்த லெப்டொப்ப அடுப்படிச் சூட்டுல உடனே திறந்தா உள்ளுக்க பனி மாதிரி தண்ணி கட்டும். பேக்க மூடியபடியே முக்கால் மணிநேரம் வச்சிருந்து பிறகு ஓன் பண்ணுங்க. அலுமாரிக்குள்ள பூட்டி வைக்காதீங்க, பிளாஸ்டிக் உறையும் வேணாம். வாரத்துல ரெண்டு தடவ ஒரு மணிநேரம் ஓடினாலே அந்தச் சூடு ஈரத்த விரட்டிரும். திடீர்னு திரை வராம லைட் மட்டும் எரிஞ்சா ரெம் கால்கள்ல ஈரம் புடிச்சிருக்கலாம். சார்ஜரக் கழட்டி, உள்ள பெட்டரி வயரையும் கழட்டி, ரெம்ம எடுத்து ஐசோப்ரொப்பைல் அல்கஹோல்ல துடைச்சு, நல்லா காஞ்சப்புறம் திருப்பிப் போடுங்க.

மார்ச், ஏப்ரல்லயும் ஒக்டோபர், நவம்பர்லயும் பின்னேரம் இடி வரும். சுவிட்ச ஓஃப் பண்ணினா பத்தாது, பிளக்கையே புடுங்கணும், ரவுட்டர்ல இருந்து வர்ற வயரையும்தான். உலோக உடம்பு போட்ட லெப்டொப்ப தொட்டா விறுவிறுன்னு இழுக்குதுன்னு சொல்றாங்கல்ல, அது அநேகமா மெஷின் பிழையில்ல. மூணு பின் அடப்டர எர்த் இல்லாத சொக்கெட்ல குத்தியிருப்பாங்க. பழைய லயத்து வயரிங்ல எர்த் கம்பி இருக்கான்னு எலெக்ட்ரீஷியன வச்சுப் பாருங்க.

ஏற்கெனவே ஒரு மெஷின் வச்சிருக்கிறவங்களுக்கு இன்னைக்கு ராத்திரி ஒரு வேலை. உங்க மொடலோட பயோஸ் அப்டேட், வைஃபை, டிஸ்பிளே டிரைவர், கழட்டுற விளக்கப் புத்தகம் எல்லாத்தையும் கொம்பெனி தளத்துல இருந்து இறக்கி ஒரு பென்டிரைவ்ல போட்டு வச்சுக்கோங்க. தளம் எப்ப வேணா மாறும், பழைய பக்கங்கள எடுத்துருவாங்க. பெட்டரியக் கழட்டி, அதுல இருக்கிற பாட் நம்பர போன்ல ஒரு படம். கொழும்புக்குச் சொல்லி பஸ்ல போட்டு அனுப்பச் சொல்றப்ப, மொடல் பேரோட அந்த நம்பரையும் குடுத்தீங்கன்னா பிழையான பெட்டரி வந்து திருப்பி அனுப்புற அலைச்சல் இருக்காது.

மழை விடுற மாதிரி தெரியல. கரண்ட் ஒருக்கா மினுக்கிருச்சு, நான் இந்த பிளக்க முதல்ல புடுங்கிர்றேன்.