படியாய்க் கிடந்தாலும் பார்க்க வேண்டும்

(ஒரு நூலக வாசகர் வட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம்.

அழைப்பிதழில் தலைப்பைப் பார்த்துவிட்டு ஆளுக்கொரு கவலையோடு வந்திருப்பீர்கள். முன்வரிசையில் கறுப்புச் சட்டையில் உட்கார்ந்திருக்கிற ஐயா, 'மறுபிறவி உண்டென்று சாதிக்கப் போகிறானோ' என்று என்னையே பார்க்கிறார். அவருக்குப் பின்னால் இருக்கிற அம்மாவுக்கு, 'இல்லையென்று சொல்லிவிடுவானோ' என்று பயம். இரண்டு பேரும் நிம்மதியாக உட்காரலாம். உண்டா இல்லையா என்ற வழக்கை நான் எடுக்கப் போவதில்லை. அடுத்த பிறவி என்று ஒன்று இருந்து, அதை நீங்களே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம் என்றால் என்ன கேட்பீர்கள்? அந்தப் பதில் இந்தப் பிறவியைப் பற்றி எதையெல்லாம் காட்டிக்கொடுக்கிறது? இன்றைய பேச்சு இவ்வளவுதான்.

இதற்கு அடுத்த பிறவிவரை போவானேன், 'எதிர்காலத்தில் எப்படி இருக்க ஆசை' என்று நேராகக் கேட்டால் போதாதா என்று தோன்றும். அப்படியும் கேட்டுப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்க உளவியலாளர் லாரா கிங் 2001இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இருக்கிறது. எல்லாம் நல்லபடியாக நடந்து முடிந்த ஒரு வருங்காலத்தைக் கற்பனை செய்து, நாளுக்கு 20 நிமிடம் என்று 4 நாள் எழுதும்படி கல்லூரி மாணவர்களிடம் சொன்னார். எழுதியவர்களுக்கு மனம் தெளிந்தது. சில மாதங்கள் கழித்துப் பார்த்தால் உடம்புக்கு முடியவில்லை என்று மருத்துவரிடம் போவதும் குறைந்திருந்தது. நல்ல பயிற்சிதான். ஆனால் அவர்கள் மாணவர்கள், முன்னால் முழு வாழ்க்கை கிடக்கிறது. இதையே நம் ஊரில் ஐம்பத்தைந்து வயதுக்காரரிடம் கேட்டுப் பாருங்கள். வாயைத் திறப்பதற்குள் 'ஆனால்' வந்துவிடும். வீட்டுக்கடன், முட்டிவலி, சின்னவள் கல்யாணம். அவர் ஆசையைச் சொல்லத் தொடங்கிப் பட்ஜெட்டில் முடிப்பார்.

அடுத்த பிறவி என்று சொல்லிவிட்டால் இந்த 'ஆனால்' எல்லாம் வாசலிலேயே நின்றுவிடுகிறது. வயது, உடம்பு, சாதி, ஆணா பெண்ணா, அப்பா சேர்த்துவிட்ட படிப்பு, எதையும் காரணம் காட்ட முடியாது. சாக்குப்போக்கு போன பிறகு மிச்சம் நிற்பது எதுவோ அதைத்தான் நாம் பார்க்க வேண்டும்.

சரி, கேட்டால் முதலில் என்ன வருகிறது? பறவை. எந்தக் கூட்டத்தில் கேட்டாலும் பாதிப் பேர் பறவை. காக்காய் குருவி படுகிற பாடு தெரிந்தவர்கள் இப்படிக் கேட்க மாட்டார்கள். அதற்கடுத்து அம்பானி. அப்புறம் பூனை. அதிலும் மாடிவீட்டுப் பூனை.

இந்தப் பதில்களை ஒதுக்கிவிட வேண்டாம். இரண்டாயிரத்து முந்நூறு வருடங்களுக்கு மேலாக இப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறோம். கிரேக்கத் தத்துவஞானி பிளேட்டோவின் 'குடியரசு' நூல், பத்தாம் புத்தகம் என்கிற கடைசிப் பகுதியில் ஒரு கதையோடு முடிகிறது. ஏர் என்றொரு போர்வீரன். சண்டையில் செத்துப்போகிறான். பன்னிரண்டாம் நாள் சிதையில் கிடத்தியிருக்கும்போது எழுந்து உட்கார்ந்து, மேலுலகத்தில் பார்த்ததைச் சொல்கிறான். அங்கே உயிர்கள் கூட்டமாக நிற்கின்றன. யார் முதலில், யார் அடுத்து என்று சீட்டு விழுகிறது. எதிரே தரையில் பிறவிகள் பரப்பி வைக்கப்பட்டிருக்கின்றன, நிற்கிற உயிர்களைவிட எண்ணிக்கையில் அதிகமாக. அரசன், வீரன், ஏழை, விலங்கு எல்லாம் கலந்து கிடக்கும். எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். 'பொறுப்பு எடுத்தவனுக்கு, தெய்வத்துக்கு இல்லை' என்று முன்கூட்டியே அறிவித்துவிடுகிறார்கள்.

முதல் சீட்டு வாங்கியவன் ஓடிப்போய் இருப்பதிலேயே பெரிய சர்வாதிகாரியின் பிறவியைத் தூக்கிக்கொள்கிறான். பிறகுதான் உட்கார்ந்து படிக்கிறான். பெற்ற பிள்ளைகளையே தின்கிற விதியும் அதற்குள் இருக்கிறது. மார்பில் அடித்துக்கொண்டு அழுகிறான், விதியைத் திட்டுகிறான், தன்னைத் தவிர எல்லாரையும் திட்டுகிறான். இவன் போன பிறவியில் ஒழுங்கான ஊரில் பிறந்து, பழக்கத்தினால் நல்லவனாக வாழ்ந்து, சொர்க்கத்திலிருந்து இறங்கி வந்தவன் என்கிறார் பிளேட்டோ. கீழே கிடந்து அடிபட்டு வந்தவர்கள்தான் நின்று நிதானித்து எடுத்தார்களாம்.

எனக்குப் பிடித்த இடம் இதற்கப்புறம் வருகிறது. ஓர்ஃபியூஸ் பெரிய பாடகன், பெண்கள் கையால் செத்தவன். அந்த வெறுப்பில், ஒரு பெண் வயிற்றில் பிறக்கச் சம்மதிக்காமல் அன்னமாகப் போகிறான். கிரேக்க அரசன் அகமெம்னான் பட்ட பாட்டில் மனித இனத்தின் மேலேயே வெறுப்பு வந்து கழுகாகிறான். வீரன் அயாக்ஸ், தனக்கு வரவேண்டிய ஆயுதங்கள் இன்னொருவனுக்குப் போன தீர்ப்பை மறக்க முடியாமல் சிங்கமாகிறான். பறவை, விலங்கு என்று அழகழகாக எடுக்கிறார்கள். எடுத்தவை அத்தனையும் பழைய காயம். நம் கூட்டத்துப் பறவைக்காரர்களிடமும் 'எதற்குப் பறவை?' என்று இன்னொரு கேள்வி கேட்டுப் பாருங்கள். 'யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்' என்பார்கள். இறக்கை, வானம் என்று ஒரு பேச்சும் வராது. யார் கேட்கிற கேள்வி, எந்த வீட்டில், என்று தொடர்ந்தால் மாமனார் வீடுவரை போகலாம்.

நம்மிடமும் ஒருவர் பறவையில்தான் தொடங்கினார். குலசேகர ஆழ்வார். சேர நாட்டு அரசர். பெருமாள் திருமொழியில் நாலாவது பதிகம் முழுக்க அவர் போடுகிற அடுத்த பிறவிப் பட்டியல்தான். இதைவிட நேர்த்தியாக யாரும் இந்தப் பயிற்சியைச் செய்ததாக எனக்குத் தெரியவில்லை. 'கோனேரி வாழும் குருகாய்ப் பிறப்பேனே' என்று தொடங்குகிறார். திருவேங்கட மலையின் குளத்தில் ஒரு நாரை. அடுத்த பாட்டிலேயே மனம் மாறிவிடுகிறது. சுனையில் மீனாக வேண்டும். உரைகாரர்கள் இந்த இடத்தில் விளையாடியிருக்கிறார்கள். நாரைக்கு இறக்கை உண்டே, ஒருநாள் மலையை விட்டுப் பறந்துவிட்டால்? அதனால் மீன். சரி, சுனை வற்றினால் மீன் என்ன ஆகும்? அதுவும் வேண்டாம். பெருமாளுக்குப் பொன்வட்டில் பிடிக்கிற ஆள், செண்பக மரம், மலைச் சிகரம், காட்டாறு, மலைக்குப் போகிற வழி என்று அவர் ஒவ்வொன்றாக எடுத்து எடுத்து வைத்துக்கொண்டே போகிறார்.

இன்னொரு பக்கம் அவர் வேண்டாம் என்று தள்ளுகிறவற்றையும் பாருங்கள். மண்ணரசு வேண்டாம், வானுலகம் வேண்டாம், அரம்பையர் வேண்டாம், மதயானைக் கழுத்தில் உட்கார்ந்து போகிற சுகம் வேண்டாம். நம்மில் யாருக்கும் யானைமேல் உட்கார்ந்து அலுத்துப்போக வாய்ப்பு வரவில்லை. அவருக்கு வந்தது, அதனால் பெயர் சொல்லித் தள்ள முடிகிறது.

ஒன்பதாவது பாட்டில் வந்து நிற்கிறார்: 'படியாய்க் கிடந்து உன் பவளவாய் காண்பேனே.' சன்னதி வாசல்படி. அடியாரும் வானவரும் மிதித்து ஏறி இறங்குகிற கல். வைணவக் கோயில்களில் கருவறை வாசல்படிக்கு இன்றைக்கும் குலசேகரன் படி என்றுதான் பெயர். பறந்து போகாது, வற்றாது. கேட்டது கிடைத்த மாதிரிதான். ஆனால் அந்த வரியை இன்னொரு முறை சொல்லிப் பாருங்கள். கல்லாகக் கிடப்பேன் என்கிறவர், கூடவே 'காண்பேனே' என்கிறார். கல் எப்படிப் பார்க்கும்? அரசு போயிற்று, உடம்பு போயிற்று, உயிர்கூடப் போயிற்று. பார்ப்பதை மட்டும் அவரால் விட முடியவில்லை. பத்தாவது பாட்டில் 'பொன்மலைமேல் ஏதேனும் ஆவேனே' என்று வடிவத்தையே கைவிடுகிறார். அங்கேயும் மலையை விடவில்லை.

நான் உங்களைச் செய்யச் சொல்வதும் இதைத்தான். ஒரு பிறவியோடு நிறுத்தாதீர்கள். ஐந்தாறு எழுதுங்கள். ஒவ்வொன்றிலும் உருவம் மாறும், தொழில் மாறும், ஊர் மாறும். எது மாறாமல் திரும்பத் திரும்ப வந்து நிற்கிறதோ அதன்கீழே ஒரு கோடு போடுங்கள்.

ஒருவர் எழுதியதைச் சொல்கிறேன். மின்வாரியத்தில் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வுபெற்றவர். பெயர் வேண்டாம். அடுத்த பிறவி: நாதஸ்வர வித்வான். தாளில் அவ்வளவுதான் இருந்தது. கச்சேரி இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமையை, காலையிலிருந்து இரவுவரை எழுதுங்கள் என்றேன். இந்தப் பயிற்சியில் இதுதான் முக்கியம். பெரிய நாளை யார் வேண்டுமானாலும் கற்பனை செய்யலாம், தங்கத் தோடாவும் கைதட்டலுமாக. வெறும் நாள்தான் ஆளைக் காட்டும். அவர் மூன்று பக்கம் எழுதிக் கொண்டுவந்தார். இடித்த பழைய வீட்டிலிருந்து ஆச்சா மர உத்தரம் ஒன்று வந்து இறங்குகிறது. விரலால் தட்டிப் பார்க்கிறார், ஈரம் போய்விட்டதா என்று. கடைசலில் ஏற்றுகிறார். மரத்தூள் முழங்கைவரை ஒட்டுகிறது. ஒரு துளை மயிரிழை தள்ளிப்போய்விட்டதால் அந்தக் கட்டையைத் தூக்கி மூலையில் போடுகிறார். மத்தியானம் கொறுக்கைத் தட்டையில், நாதஸ்வரத்தில் வாய்வைத்து ஊதுகிற சீவாளி கட்டுகிறார். மூன்று பக்கத்திலும் அவர் ஒரு ராகம்கூட வாசிக்கவில்லை! கும்பகோணத்துப் பக்கம் நரசிங்கம்பேட்டை இருக்கிறது, 2022இல் அங்கே செய்கிற நாதஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த ஊர்ப் பட்டறைக்காரர் ஒருவரின் நாளைத்தான் இவர் எழுதியிருந்தார், வித்வானுடைய நாளை எழுதவில்லை. வேலைபார்த்த காலம் முழுக்கப் பேரேட்டைத் தவிர எதையும் கையால் தொட்டதில்லையாம். பட்டறை வைத்தாரா என்று கேட்காதீர்கள், வைக்கவில்லை. வீட்டில் பழைய கதவு ஒன்றுக்கு இழைப்புளி போட்டுக்கொண்டிருக்கிறார். கூடத்தில் சுருள் சுருளாகக் குப்பை என்று அவர் மனைவி என்னைத்தான் திட்டுகிறார்.

ஒரு விஷயத்தில் கவனமாக இருக்க வேண்டும். 'அடுத்த பிறவியிலாவது ஆம்பளையாப் பிறக்கணும்' என்று நம் வீட்டுப் பாட்டிமார் சொல்லிக் கேட்டிருப்போம். அதை எடுத்துவைத்துக்கொண்டு மனத்தை ஆராயக் கூடாது. சாயங்காலம் ஆறு மணிக்குமேல் வெளியே போக, பசித்தபோது முதலில் சாப்பிட, சொத்தில் பங்கு கேட்க, ஆணாகப் பிறப்பதைவிட்டால் வேறு வழி தெரியாத காலத்தில் சொன்னது அது. குறை அவர்கள் மனத்தில் இல்லை. அதைச் சரிசெய்ய வேண்டியது இந்தப் பிறவியில், மற்றவர்கள். காந்தி 1921இல் அகமதாபாத்தில் பேசும்போது, மறுபடி பிறக்க விருப்பமில்லை, பிறந்தே ஆகவேண்டும் என்றால் தீண்டத்தகாதவனாகப் பிறக்க வேண்டும், அவர்கள் படுகிற துன்பத்தையும் அவமானத்தையும் பங்குபோட்டுக்கொள்ள வேண்டும் என்றார். அந்தத் துன்பத்தைக் கேட்டுப் பெறாமலே பிறந்தவர்கள் இதை எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்ற கேள்வி எனக்கு எப்போதும் உண்டு. ஆனாலும் அந்த ஆசையில் காந்தி தெரிகிறார் என்பதில் சந்தேகமில்லை. அவருக்கு எது உறுத்திக்கொண்டிருந்தது என்று வேறு சான்று தேட வேண்டாம்.

இன்னொரு வகைப் பதிலும் வரும்: 'போதும் சாமி, இன்னொன்று வேண்டாம்.' தாளை வெறுமையாகக் கொடுக்கிறவர்களை நான் வற்புறுத்துவதில்லை. காரைக்கால் அம்மையாரும் அப்படிக் கேட்டவர்தான். சேக்கிழார் பாட்டில், முதலில் இறவாத இன்ப அன்பை வேண்டிக்கொண்டு, பிறகு 'பிறவாமை வேண்டும்' என்று கேட்டுவிட்டு, 'மீண்டும் பிறப்புண்டேல் உன்னை என்றும் மறவாமை வேண்டும்' என்கிறார். அதோடு முடித்தாரா? 'இன்னும் வேண்டும்' என்று தொடர்கிறார். நீ ஆடும்போது உன் அடியின்கீழ் மகிழ்ந்து பாடிக்கொண்டிருக்க வேண்டும். பிறவியே வேண்டாம் என்றவர் நாலு கேட்டுவிட்டார். வெறும் தாளைக் கொடுத்தவர்கள் கூட்டம் முடிந்து தேநீர் குடிக்கும்போது பேசுவதைக் காதுகொடுத்துக் கேளுங்கள்.

பிளேட்டோ கதையில் கடைசிச் சீட்டு ஒடிசியஸுக்கு. அலைந்து அலைந்து ஓய்ந்தவன். ரொம்ப நேரம் தேடுகிறான். தன் வேலையுண்டு தானுண்டு என்று இருக்கிற ஒரு சாதாரண ஆளின் பிறவி, யாரும் சீண்டாமல் ஒரு மூலையில் கிடக்கிறது. முதல் சீட்டு விழுந்திருந்தாலும் இதைத்தான் எடுத்திருப்பேன் என்று சந்தோஷமாக எடுத்துக்கொள்கிறான். உங்களில் சிலருடைய தாளும் இப்படி வரலாம், இதே தெரு, இதே வேலை, சம்பளம் மட்டும் கொஞ்சம் கூட. வெட்கப்பட வேண்டியதில்லை.

இப்போது தாள் வரும். பெயர் எழுத வேண்டாம். ஐந்து பிறவி, அதில் ஒன்றின் செவ்வாய்க்கிழமை. தம்பதியாக வந்திருப்பவர்கள் மட்டும் தயவுசெய்து தள்ளித் தள்ளி உட்காருங்கள், ஒருவர் தாளை மற்றவர் எட்டிப் பார்க்க வேண்டாம். குறுந்தொகைத் தலைவி 'இம்மை மாறி மறுமை ஆயினும் நீயாகியர் எம் கணவனை' என்று தானாகவே சொல்லிவிட்டாள். எல்லா வீட்டிலும் அப்படி வராது. வள்ளுவர் குறளில் வருகிற ஒரு வீட்டுக் கதை தெரியும் அல்லவா? 'இந்தப் பிறவியில் பிரியமாட்டோம்' என்று தலைவன் ஆசையாகத்தான் சொன்னான். அப்படியென்றால் அடுத்த பிறவியில் பிரிவாயா என்று அவள் கண்ணீர் விட்டாள். 'இம்மைப் பிறப்பில் பிரியலம் என்றேனாக் கண்நிறை நீர்கொண் டனள்', 1315ஆவது குறள். அவன் தாளில் எழுதக்கூட இல்லை, வாயால் சொன்னதற்கே அந்தக் கதி. நீங்கள் எழுதிக் கையில் கொடுக்கப் போகிறீர்கள். வீட்டுக்குப் போகும்போது மறக்காமல் தாளை என்னிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.