மெமரி கார்டு வாங்கும்போது சின்ன எழுத்தைப் படியுங்கள்

வணக்கம். இந்த மெமரி கார்டைக் கேமராவுக்குப் பக்கத்தில் காட்டுகிறேன், ஃபோகஸ் ஆகட்டும்... சரி, இப்போது தெரிகிறதா? நடுவில் கொட்டை எழுத்தில் 200 என்று போட்டிருக்கிறது. நொடிக்கு 200 மெகாபைட். ஊர் சுற்றக் கிளம்பும் பலர் இந்த எண்ணைப் பார்த்துத்தான் மெமரி கார்டு வாங்குகிறார்கள். ஆனால் இது கார்டில் இருப்பதைக் கணினிக்கு எடுக்கும்போது கிடைக்கும் வேகம், அதுவும் அதிகபட்ச வேகம். வீடியோ எடுக்கும்போது நமக்கு வேண்டியது எழுதும் வேகம். எவ்வளவு வேகமாக எழுதும் என்பதைவிட, எந்த வேகத்துக்குக் கீழே இறங்கவே இறங்காது என்பதுதான் முக்கியம்.

அதைச் சொல்லும் எண் மூலையில் பொடியாக இருக்கும். இதோ, வி30. நொடிக்கு குறைந்தது 30 மெகாபைட் விடாமல் எழுதும் என்று அர்த்தம். வி60, வி90 என்பதும் இதே கணக்குதான். யு எழுத்துக்குள் 3 போட்டிருந்தால் அதுவும் 30 மெகாபைட்டே. உள்ளே 1 இருந்தால் வெறும் 10. ஏ1, ஏ2 என்றும் சிலவற்றில் இருக்கும். அது போனில் ஆப்களை கார்டில் வைத்து ஓட்டுபவர்களுக்கானது, வீடியோவுக்கு அதைப் பார்க்க வேண்டியதில்லை.

அப்புறம், உங்கள் கேமராவுக்கு எது போதும்? மெனுவிலோ கையேட்டிலோ பிட்ரேட், அதாவது ஒரு நொடி வீடியோவுக்கு ஆகும் தரவு, எவ்வளவு என்று பாருங்கள். அது மெகாபிட்டில் இருக்கும், கார்டில் இருப்பது மெகாபைட். எட்டால் வகுத்தால் முடிந்தது. 4கே வீடியோ நொடிக்கு 100 மெகாபிட் என்றால் கார்டில் எழுதப்படுவது பன்னிரண்டரை மெகாபைட்தான். வி30 கார்டு 240 மெகாபிட் வரை தாங்கும். ஆக்‌ஷன் கேமரா, டிரோன், சாதாரண மிரர்லெஸ் என்று பெரும்பாலானவற்றின் 4கே இதற்குள் அடங்கிவிடும். அதனால் விடுமுறை வீடியோவுக்கு வி90 வாங்குகிறேன் என்று யாராவது சொன்னால் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். அந்தப் பணத்துக்கு இன்னொரு பேட்டரி வாங்கலாம்.

விதிவிலக்கு இருக்கிறது. ஒவ்வொரு ஃப்ரேமையும் தனித்தனியாகச் சுருக்கும் ஆல் இன்ட்ரா முறையில் எடுத்தால் பிட்ரேட் எகிறிவிடும். 400 மெகாபிட் என்றால் 50 மெகாபைட், அதற்கு வி60 வேண்டும். 600 என்றால் 75, அதற்கு வி90. சில கேமராக்களில் 4கே ஸ்லோ மோஷனும் 8கேயும் இந்தப் பக்கம் வந்துவிடும். கார்டு ஈடுகொடுக்காவிட்டால் பதிவு பாதியில் நின்றுபோகும், அதுவும் நல்ல காட்சி வரும் நேரமாகப் பார்த்து!

வி90 கார்டுகள் யுஎச்எஸ் 2 வகை. யுஎச்எஸ் என்பது கார்டும் கேமராவும் தரவைப் பரிமாறிக்கொள்ளும் முறை. பின்னால் திருப்பினால் தங்க நிறப் பட்டைகள் இரண்டு வரிசையாக இருக்கும். கேமரா பழைய யுஎச்எஸ் 1 வகையாக இருந்தால் அதிலும் இந்தக் கார்டு வேலை செய்யும், ஆனால் யுஎச்எஸ் 1-இன் உச்ச வரம்பு நொடிக்கு 104 மெகாபைட்தான். என் கையில் இருக்கும் வி30 கார்டில் ஒரே வரிசைதான் இருக்கிறது, பார்த்தீர்களா? அப்படியிருந்தும் 200 என்று எப்படிப் போட்டார்கள்? கார்டைத் தயாரித்த நிறுவனத்தின் சொந்த உத்தி அது. அதற்கேற்ற கார்டு ரீடர் இருந்தால்தான் அந்த வேகம் கிடைக்கும்.

கொள்ளளவுக்கு வருவோம். 100 மெகாபிட்டில் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி ஆகும். 128 ஜிபி கார்டில் ஏறக்குறைய இரண்டே முக்கால் மணி நேரம் எடுக்கலாம். (கணினியில் போட்டால் 119 என்று காட்டும், பயப்படாதீர்கள். ஆயிரம் ஆயிரமாக எண்ணுவதற்கும் 1024-ஆக எண்ணுவதற்கும் உள்ள வித்தியாசம் அது.) ஒரே பெரிய கார்டா, இரண்டு சின்னதா? ஒன்று கெட்டாலும் மற்றது மிஞ்சும் என்று பலரும் இரண்டு வாங்கச் சொல்வார்கள். மிரர்லெஸ் கேமராவுக்கு நானும் அதையே சொல்வேன். ஆனால் கடற்கரையில் ஆக்‌ஷன் கேமராவின் மூடியைத் திறந்து, ஈரக் கையோடு நகம் அளவு மைக்ரோ எஸ்டியை மாற்றுவது மணலுக்கு விடும் அழைப்பு. அதற்குப் பெரிய கார்டு ஒன்றே போடுங்கள், ராத்திரி அறைக்குத் திரும்பியதும் நகல் எடுத்துவிடுங்கள்.

கிளம்பும் முன்பே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. போலிக் கார்டுகள் 512 ஜிபி என்று காட்டிக்கொள்ளும், உள்ளே இருப்பது 32 ஆக இருக்கலாம். அந்த 32 நிரம்பும்வரை சந்தேகமே வராது. அதற்கு மேல் எடுத்ததெல்லாம் கோப்பின் பெயராக மட்டும் இருக்கும், திறக்காது. விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, மேக்கிலும் லினக்ஸிலும் எஃப்3 என்று இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. கார்டு முழுவதும் எழுதித் திரும்பப் படித்துப் பார்க்கும். பெரிய கார்டுக்கு மணிக்கணக்கில் ஆகும், ஓடவிட்டுவிட்டுத் தூங்கப் போய்விடலாம். சோதனை முடிந்ததும் கார்டைக் கேமராவில் போட்டு, கேமராவின் மெனுவிலேயே ஃபார்மேட் செய்யுங்கள்.